புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் வட்டாரத்தின் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கால்நடைத் தொழில் செழித்தது. தொழுவங்கள் மறைந்தன, 'பஃபலோ ரோடு' இன்றும் அதனை நினைவூட்டுகிறது. நகரில் வளரும் மாணவர், மாடு மேய்ந்தால் புல் அழியும் என எண்ணலாம். கொங்கு நாட்டுக் காங்கயம் பகுதியின் கொறங்காடு வேறு பாடம் புகட்டுகிறது.

அங்கே உழவர் நிலத்தை முள்கிளுவை வேலியால் பிரித்துக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ப்பர். ஒரு பகுதியில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்த பகுதிக்கு ஓட்டுவர். காரணம் யாது? மேய்ந்த புல், வேரிலும் தூரிலும் சேமித்த உணவைக் கொண்டே மீண்டும் துளிர்க்கும். ஓய்வின்றிக் கடிபட்டால் வேர் குன்றும். மண் வெறுமையாகி மழையில் கரையும். ஓய்வு கிடைப்பின் புல் விதை உதிர்க்கும், சாணம் உரமாகும்.

ஆகவே, நிலத்தைக் கெடுப்பது மாடன்று, முறையற்ற மேய்ச்சலே. கொறங்காடு அழிந்தால் காங்கயம் மாட்டினம் நிலைப்பதும் அரிது.