கணக்கு நோட்டில் கையெழுத்தும் மையும்

கடை வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைக்கு வண்ணம் பார்க்கிறோம், எழுத்தின் அளவு பார்க்கிறோம், நல்ல ஓவியராகத் தேடிப் பிடிக்கிறோம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பற்று வரவு நோட்டுக்கு மட்டும் அந்த அக்கறை இல்லை. "எழுதியது எனக்குப் புரிந்தால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த நோட்டை நாம் மட்டுமா பார்க்கிறோம்? நாளை மகன் பார்ப்பான், கணக்குப்பிள்ளை பார்ப்பார், ஆடிட்டர் பார்ப்பார், வழக்கு என்று வந்தால் நீதிபதியும் பார்ப்பார்.

கோவை ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடைகள் முதல் கிராமத்து மளிகைக் கடைகள் வரை கம்ப்யூட்டர் பில் வந்துவிட்டது உண்மைதான். இருந்தாலும் மாதக் கடன் நோட்டு, மூட்டை எண்ணிக்கைச் சீட்டு, காசோலை ஆகியவை இன்றும் பெரும்பாலும் கையால்தான் எழுதப்படுகின்றன. பணம் கைமாறும் இடமும் அவைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலில் முறையாக எழுதி வரும் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 34ஆம் பிரிவு இடம் தந்தது. 1.7.2024 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இது 28ஆம் பிரிவாக உள்ளது. நோட்டில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து ஒருவர் மீது கடனைச் சுமத்த முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே பெரிய தொகையாக இருந்தால் வாடிக்கையாளரின் கையொப்பத்தையும் வாங்கி வைப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். சூட்டில் அச்சாகும் வழவழப்பான பில் காகிதம் வெயிலும் வெப்பமும் பட்டால் சில மாதங்களிலேயே வெளுத்துவிடுகிறது. கொள்முதல் பில் அப்படி வந்தால் உடனே நகல் எடுத்து, பில் எண்ணையும் தொகையையும் நிலைத்து நிற்கும் மையால் நோட்டில் பதிந்துவிட வேண்டும்.

கடுக்காயும் அன்னபேதியும்

நிலைத்து நிற்கும் மை நமக்குப் புதிதல்ல. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவது நம் நாட்டுப் பழைய முறை. இரண்டும் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளே. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, காகித நாரோடு ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் பட்டாலும் எழுத்து எளிதில் போகாது. மேல்நாட்டில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் உண்டாகும் மாசிக்காயைப் போட்டார்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை நெடுங்காலம் இந்த வகை மையால்தான் எழுதினார்கள். புளூ-பிளாக் மை என்பது முதலில் இப்படி வந்ததே.

இன்று புளூ-பிளாக் என்று விற்கும் எல்லா புட்டிகளிலும் இரும்பு மை இருப்பதில்லை. பல, வெறும் சாயம்தான். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதி ஒரு நாள் காயவிடுங்கள். இரண்டு வரிகளின் மேல் தண்ணீர் சொட்டு விடுங்கள். மீதி இரண்டு வரிகளில் ஒன்றை அட்டையால் மூடி, தாளைப் பதினைந்து நாள் வெயிலில் வையுங்கள். கரையாமலும் வெளுக்காமலும் இருக்கும் மையே பேரேட்டுக்கு ஏற்றது.

வண்ண மைக்கும் இடம் உண்டு. வரவு செலவுப் பதிவு எல்லாம் புளூ-பிளாக். வசூலாகாத பாக்கிக்குச் சிவப்பு. சரிபார்த்த அடையாளத்துக்குப் பச்சை என்று பிரித்துக்கொண்டால் பக்கத்தைப் புரட்டும்போதே நிலைமை தெரியும். சிவப்பு மையில் பல வெயிலில் சீக்கிரம் வெளுப்பவை. ஆகவே தொகையைச் சிவப்பில் மட்டும் எழுதி வைக்கக் கூடாது. புளூ-பிளாக்கில் தொகை, பக்கத்தில் சிவப்பில் குறி என்று வையுங்கள்.

எந்தப் பேனா எதற்கு?

சுதேசிக் காலத்தில் காந்தியடிகளின் தூண்டுதலால் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா பிறந்தது. நம் தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும் எபொனைட் கட்டையைக் கடைந்து கையாலேயே பேனா செய்கிறார்கள். மை பேனாவை அழுத்தத் தேவையில்லை. நிப்பு காகிதத்தைத் தொட்டாலே மை இறங்கும். கை சீக்கிரம் சோர்ந்து போகாததால் கடைசி வரியும் முதல் வரி போலவே இருக்கும். பேரேட்டுக்கு மெல்லிய நிப்பு போதும்.

கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகத்துக்கு மை பேனா உதவாது. அங்கே அழுத்தி எழுதும் பால்பாயின்ட் பேனாதான் வேண்டும். இரும்பு மை போட்ட பேனாவைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் நிப்புக்கு அடியில் உள்ள கட்டையில் மை உறைந்துவிடும். ஒரு மையோடு இன்னொரு மையைக் கலக்காதீர்கள். சூடு பட்டால் மறையும் மை கொண்ட பேனாக்களும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. முன்பின் தெரியாதவர் நீட்டும் பேனாவில் காசோலை எழுத வேண்டாம்.

நஷ்டம் வரும் இடங்கள்

1, 7 ஆகியவை ஒன்று போலத் தெரிந்தால் 100 ரூபாய் பாக்கி 700 ஆகிவிடும். 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். 0, 6, 9 இவற்றின் வட்டத்தை நன்றாக மூடுங்கள். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து வர வேண்டும். அவசரத்தில் எழுதும் "து.ப." எது, "உ.ப." எது என்று தெரியாமல் துவரைக்குப் பதில் உளுந்து மூட்டை வண்டி ஏறினால் போக்குவரத்துச் செலவு நம் தலையில்தான் விழும். சரக்கின் பெயரை முழுதாகவே எழுதுங்கள்.

பிழை வந்தால் எண்ணின் மேலேயே எண் எழுதாமல், ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். காசோலையில் இப்படித் திருத்த முடியாது. தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தம் செய்ய வேண்டுமானால் புதிய காசோலைதான் எழுத வேண்டும். அடர்ந்த நிற மையில் எழுதும்படி ரிசர்வ் வங்கியும் சொல்கிறது. காசோலையில் எண்ணும் எழுத்தும் மாறுபட்டால், 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி எழுத்தால் எழுதிய தொகையே செல்லும்.

பக்கத்துக் கடைக்காரரே ஆசிரியர்

நம் எழுத்தின் குறை நம் கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒரு நாள், கடையில் எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் அதை உரக்கப் படிக்கட்டும். எந்த எண்ணில் தயங்குகிறாரோ அந்த எண்ணை மட்டும் தினமும் பத்து முறை எழுதிப் பழகினால் போதும். தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்தும் இதைச் செய்யலாம். அப்போது வாடிக்கையாளர் பெயர் இல்லாத மாதிரித் தாளாக எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்குத் தராசு பிடிக்கக் கற்றுத் தருவது போல எண் எழுதவும் கற்றுத் தாருங்கள்.

புதுக்கணக்கு நாளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு முதல் பக்கத்தை அழகாகத்தான் எழுதுகிறோம். இருநூறாவது பக்கமும் அப்படியே இருக்கட்டும். கடன் கேட்டு நிற்கும் நாளில் நமக்காகப் பேசப் போவது அந்தப் பக்கம்தான்.