கம்பி வந்தது, கட்டணம் யார் பொறுப்பு?

பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் மானிய விலையில் தொலைபேசியும் இன்டர்நெட்டும் தர அரசிடம் பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. மாதா மாதம் வரும் பில்லுக்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

2025 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஓர் அறிவிப்பு செய்தார். கிராமப்புறங்களில் உள்ள எல்லா அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரத்நெட் மூலம் பிராட்பேண்ட் இணைப்பு தரப்படும் என்பது அது. மேஜைகள் தட்டப்பட்டன. விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு பழைய சந்தேகம் எழுந்திருக்கும். இணைப்பு கொடுப்பது ஒரு நாள் வேலை. அதை உயிரோடு வைத்திருப்பது வருடக்கணக்கான வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு யார் காசு கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு வயது கால் நூற்றாண்டுக்கு மேல். 1999-இல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, லாபம் இல்லாத ஊர்களுக்கும் தொலைபேசி போய்ச் சேர வேண்டும் என்றது. அதற்காக 2002 ஏப்ரல் 1 முதல் அனைவருக்குமான சேவை நிதி நடைமுறைக்கு வந்தது. 2003-இல் சட்டத் திருத்தம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருவாயில் 5 சதவிகிதத்தை இதற்காகக் கட்ட வேண்டும். கம்பெனிகள் கட்டுவது சந்தாதாரரின் பையிலிருந்துதான். சென்னையிலோ மும்பையிலோ செல்போனில் பேசும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, எங்கோ ஒரு மலைக் கிராமத்துத் தொலைபேசிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காசு நேராகக் கிராமத்துக்குப் போவதில்லை. முதலில் மத்திய அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. பிறகு நாடாளுமன்ற ஒப்புதலுடன் நிதிக்கு வருகிறது. வசூலான தொகை முழுவதும் நிதிக்கு மாற்றப்படவில்லை என்று தணிக்கை அதிகாரிகள் குறை சொன்னதுண்டு. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர் சூட்டியது. பெயர் மாறினாலும் 5 சதவிகிதம் மாறவில்லை.

நிதியின் முதல் வேலை கிராமப் பொதுத் தொலைபேசி. அதிலேயே பாடம் கிடைத்தது. அதற்கு முன்பு, ரேடியோ அலை மூலம் இயங்கும் தொலைபேசிகள் ஆயிரக்கணக்கான கிராமங்களில் வைக்கப்பட்டிருந்தன. கணக்கில் இருந்த பல கருவிகள் காதில் வைத்தால் பேசவில்லை. பழுது பார்க்க ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. கடைசியில் 1.8 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை மாற்றவே இந்த நிதியிலிருந்து மானியம் தர வேண்டி வந்தது. அதே காலத்தில் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் மூலைக்கு மூலை பிழைத்தன. காரணம் எளிது. பூத்தில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு அழைப்பிலும் கமிஷன் இருந்தது. லைன் செத்தால் அவர் வருமானம் செத்தது. எக்ஸ்சேஞ்சுக்கு ஓட அவருக்குக் காரணம் இருந்தது.

அடுத்து வந்தது கண்ணாடி இழை கேபிள். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை சுமார் 20,000 கோடி ரூபாயில் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ராஜஸ்தானில் அராய்ன், திரிபுராவில் பானிசாகர், ஆந்திராவில் பரவாடா ஆகிய மூன்று வட்டாரங்களில் வெள்ளோட்டம் நடந்தது. பின்னர் அது பாரத்நெட் ஆனது. 2.1 லட்சத்துக்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள் இப்போது ‘சேவைக்குத் தயார்’ என்ற பட்டியலில் இருக்கின்றன.

தயார் என்ற சொல்லில்தான் சூட்சுமம். கேபிள் பஞ்சாயத்து அலுவலகச் சுவரோடு நிற்கிறது. பள்ளிக்கூடம் தெருக்கோடியில் இருக்கும். சில ஊர்களில் அடுத்த குக்கிராமத்தில் இருக்கும். சாலை போடுகிறவர் கேபிளை வெட்டினால், மின்சாரம் போய் பேட்டரி தீர்ந்தால், தயார் நிலை தாளில் மட்டும் மிஞ்சும். அரசே இதை உணர்ந்திருப்பதற்கு அடையாளம் 2023 ஆகஸ்டில் அனுமதிக்கப்பட்ட 1,39,579 கோடி ரூபாய்த் திருத்திய திட்டம். ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் வழி இருக்கும்படி வளைய வடிவில் கேபிள், பத்து வருடப் பராமரிப்புப் பொறுப்பு என்பவை அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

பள்ளிகளின் நிலை என்ன? மத்திய கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2021-22-இல் நாட்டின் பள்ளிகளில் 33.9 சதவிகிதத்தில்தான் இன்டர்நெட் இருந்தது. அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் நான்கில் ஒன்றுகூட இல்லை. 2024-25-இல் மொத்தம் 63.5 சதவிகிதமாக உயர்ந்திருக்கிறது. பெரிய பாய்ச்சல்தான். ஆனாலும் மூன்றில் ஒரு பள்ளி இன்னும் வெளியே நிற்கிறது.

இணைப்புள்ள பள்ளிக்கும் நிம்மதி இல்லை. சமக்ர சிக்ஷா திட்டம் பள்ளிக் கம்ப்யூட்டர் கூடத்துக்குத் தரும் தொடர் செலவு உதவிக்கு ஐந்து ஆண்டு வரம்பு உண்டு. ஆறாம் ஆண்டில் கம்ப்யூட்டரும் பழசாகிறது, உதவியும் நிற்கிறது. பிறகு மிஞ்சுவது பள்ளி மானியம். 30 முதல் 100 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு அது வருடத்துக்கு 25,000 ரூபாய். சாக்பீஸ், ரிப்பேர், சுத்தம், கரண்ட் பில் எல்லாம் அதிலேதான். எதைக் குறைப்பது என்று தலைமையாசிரியர் கணக்குப் போடும்போது முதலில் அடிபடுவது இன்டர்நெட்.

அமெரிக்கா இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த ‘ஈ-ரேட்’ ஏற்பாடு, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் மாதக் கட்டணத்திலேயே 20 முதல் 90 சதவிகிதம் வரை தள்ளுபடி தருகிறது. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்பதற்கு அங்கேயும் மதிய உணவுதான் அளவுகோல். இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் எவ்வளவு அதிகமோ, தள்ளுபடியும் அவ்வளவு அதிகம். மீதியைப் பள்ளியே கட்ட வேண்டும். தன் காசும் போவதால் சேவை சரியில்லை என்றால் பள்ளி சும்மா இருக்காது. 1996-இல் அந்நாட்டு அரசுப் பள்ளி வகுப்பறைகளில் 14 சதவிகிதத்தில் இருந்த இன்டர்நெட் 2005-இல் 94 சதவிகிதத்தை எட்டியது.

அங்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. வேண்டாத கருவிகளைப் பள்ளிகளின் தலையில் கட்டிய நிறுவனங்கள் மீது வழக்குகள் வந்தன. கட்டணம் வசூலிக்கும் முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நிதி தப்பியது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. 2018-இல் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் வேலை ஆரம்பமானது. அங்கே இணைப்பைத் தனித்தனிப் பள்ளிகள் தேடி அலையவில்லை. மாநிலமே மொத்தமாக பி.எஸ்.என்.எல்.லுடன் பேசி முடித்தது. கருவி கெட்டால் புகார் செய்ய ஏற்பாடு, குறித்த நாளில் சரிசெய்யாத கம்பெனிக்கு அபராதம், பள்ளிக்கொரு பயிற்சி பெற்ற ஆசிரியர், உரிமக் கட்டணம் கேட்காத இலவச மென்பொருள் என்று செலவையும் பொறுப்பையும் முன்கூட்டியே பங்கு போட்டிருந்தார்கள். கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது 2020 ஜூன் 1 அன்றே அங்கே விக்டர்ஸ் சேனலில் பாடம் தொடங்கியது. அப்போதும் டி.வி.யோ போனோ இல்லாத ஏழை வீடுகள் சிக்கலாகவே இருந்தன. ஆனால் அன்றைக்கு எங்கே தொடங்குவது என்று யாரும் விழிக்கவில்லை.

பொது இணைப்பின் பயன் பாடத்தோடு முடிவதில்லை என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. மீனவக் குப்பங்களில் அலை உயர விவரத்தை இன்டர்நெட்டில் எடுத்து ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குப் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. 3,500-க்கும் மேற்பட்டோர் வசித்த ஊர் காலியானது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. தினமும் உபயோகத்தில் இருந்ததால்தான் அந்த ஒலிபெருக்கி அன்று வேலை செய்தது. பூட்டி வைத்த கருவி ஆபத்தில் உதவாது.

மானியம் எங்கே விழ வேண்டும் என்பதை இந்த அனுபவங்கள் சொல்கின்றன. கேபிள் பதிக்கும்போது கொடுப்பது அவசியம். ஆனால் பள்ளியின் மாத பில்லில் பெரும் பங்கையும், பழுது பார்ப்பவரின் கூலியையும் தொடர்ந்து தாங்காத மானியம் திறப்பு விழாவோடு தீர்ந்துவிடும். ஏழைப் பள்ளிக்கு அதிகத் தள்ளுபடி, லைன் செத்த நாட்களுக்குக் கம்பெனிக்குப் பணம் இல்லை என்ற இரண்டே விதிகளை டிஜிட்டல் பாரத் நிதி எழுதிக்கொண்டால் போதும். சந்தாதாரர் ஏற்கெனவே தன் பங்கைக் கட்டிவிட்டார்.