ஆற்று மணலைத் தொடாதீங்க! வீட்டு ஒர்க்‌ஷாப்புக்கு பட்ஜெட் சாண்ட்பிளாஸ்டிங் பெட்டி... செய்வது எப்படி?

ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், காற்றோடு வரும் மண் முகத்தில் எப்படிக் குத்தும் என்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றையும் மண்ணையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, துருப்பிடித்த இரும்பின் மீது திருப்பிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் சாண்ட்பிளாஸ்டிங்.

துருவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. போடிமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் ஜீப்புகள், மலை மழையிலும் பனியிலும் நனைந்தே ஓடுகின்றன. திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தக் கலவை பட்ட இரும்புச் சாமான்கள் சீக்கிரமே அரித்துப்போகின்றன. வீட்டுக்குள் வந்தால் அப்பாவின் ஆர்.எக்ஸ்.100, பாட்டியின் தையல் மெஷின், பரணில் கிடக்கும் பழைய சைக்கிள். உப்புத்தாளை வைத்து நாள் முழுக்கத் தேய்த்தாலும் மூலை முடுக்குகளில் இருக்கும் துரு போகாது. சாண்ட்பிளாஸ்டிங்கில் அது சில நிமிட வேலை.

இந்தப் பெட்டியைக் குறைந்த செலவில் நாமே செய்துகொள்ளலாம். ஆனால், செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்க வேண்டும். காரணம், இதில் பணயமாக இருப்பது உங்கள் நுரையீரல்!

முதலில் மணலைப் பற்றிப் பேசுவோம்

சாண்ட்பிளாஸ்டிங்குக்கு 1870-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் பெஞ்சமின் சூ டில்மன். காற்றில் பறந்துவந்த மணல் ஜன்னல் கண்ணாடியைச் சொரசொரப்பாக்கியிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்லப்படுகிறது. பெயரில் 'சாண்ட்' இருப்பதால், இன்றைக்கும் பலர் ஆற்று மணலைச் சலித்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். செய்யக் கூடாத முதல் தவறு இதுதான்.

ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக சிலிகா. அது வேகமாக இரும்பில் மோதும்போது நொறுங்கி, கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் ஆழம் வரை போகும் சிலிகா தூசு 10 மைக்ரானுக்கும் கீழே. உள்ளே போனது வெளியே வராது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிவிடும். இந்த நோயின் பெயர் சிலிகோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் தொற்றும் அபாயமும் இவர்களுக்கு அதிகம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டன் 1949-லேயே விதிமுறை கொண்டுவந்து, வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங்கில் மணலுக்குத் தடை போட்டது. ஜீன்ஸ் பேன்ட்டுக்கு வெளிறிய தோற்றம் கொடுக்க மணல் பீய்ச்சிய இளம் தொழிலாளர்கள் பலர் சிலிகோசிஸால் பாதிக்கப்பட்டதால், துருக்கி 2009-ல் அந்த முறையைத் தடைசெய்தது. இந்தியாவில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சிலிகோசிஸைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

எம்-சாண்டும் வேண்டாம். கிரானைட் பாறையை உடைத்துச் செய்வதால் அதிலும் குவார்ட்ஸ் உண்டு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்ற எண்ணமும் வேண்டாம். துண்டின் இழை இடைவெளி, இந்தத் தூசுக்கு வாசல் கதவு மாதிரி!

மணலுக்குப் பதில் என்ன போடலாம்?

*கார்னெட்:* கோமேதகத்தின் சொந்தக்காரர். கடினத்தன்மை 7 முதல் 7.5. நம் தென்கடற்கரை மணலில் இயற்கையாகவே கிடைக்கும் கனிமம் இது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இதைப் பிரித்தெடுக்கிறது. தென்மாவட்டங்களில் தனியார் தாதுமணல் எடுப்புக்கு 2013-ல் தமிழக அரசு தடை விதித்ததால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டையை வாங்காதீர்கள். தனிச் சிலிகாவின் அளவு மூட்டையில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*அலுமினியம் ஆக்ஸைடு:* துருவுக்கும் பழைய பெயின்ட்டுக்கும் நல்ல கூர்மை. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால், பலமுறை சலித்துப் பயன்படுத்தலாம். சின்னப் பெட்டிக்கு 80 மெஷ் அளவு பொருத்தம்.

*கண்ணாடி மணிகள்:* ஆங்கிலத்தில் கிளாஸ் பீட். கார்புரேட்டர், இன்ஜின் கவர் போன்ற அலுமினியப் பாகங்களுக்கு. உலோகத்தை அதிகம் அரிக்காமல் பளிச்சென்று ஆக்கும்.

இவற்றில் சிலிகா ஆபத்து மிகக் குறைவு. ஆனால், எந்தத் தூசும் சுவாசிக்க ஏற்றதல்ல. உதிரும் துருவும் பெயின்ட்டும் அதோடு சேர்ந்தேதான் பறக்கும்.

கம்ப்ரஸர் கணக்கு

பெட்டி செய்த பலர் ஏமாறும் இடம் இது. 'அழுத்தம் 100 பி.எஸ்.ஐ. காட்டுகிறது, ஆனால் வேலையே நடக்கவில்லை' என்பார்கள். இங்கே முக்கியம் அழுத்தம் மட்டுமல்ல, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதும்தான். அந்த அளவை சி.எஃப்.எம். என்கிறோம்.

பொதுவாக 1 எச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். காற்று கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 2 எச்.பி. கம்ப்ரஸரில் 6 முதல் 8 சி.எஃப்.எம். ஆனால், துப்பாக்கிக்கு உள்ளே இருக்கும் காற்றுத் துளை 3 மில்லிமீட்டர் என்றால், 80 பி.எஸ்.ஐ.யில் சுமார் 17 முதல் 20 சி.எஃப்.எம். குடிக்கும். டேங்க் சில நொடிகளில் காலியாகிவிடும். துளையின் விட்டம் பாதியானால் காற்றுத் தேவை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே, 2 எச்.பி. வைத்திருப்பவர்கள் 2 மில்லிமீட்டர் காற்றுத் துளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெளியே இருக்கும் செராமிக் நாசிலின் துளை, இந்தக் காற்றுத் துளையைப் போல சுமார் இரண்டு மடங்கு இருக்கலாம்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். கம்ப்ரஸருக்கு இடையிடையே ஓய்வும் கொடுக்க வேண்டும். மோட்டாருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. அவசியம். காசு மிச்சம் என்று பழைய கேஸ் சிலிண்டரைக் காற்று டேங்க்காக மாற்றும் வேலையை மட்டும் செய்யவே கூடாது.

பெட்டியைச் செய்வோம்

இங்கேதான் செலவைத் தாராளமாகக் குறைக்கலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெரிய டிரங்குப் பெட்டி, பாதியாக வெட்டிய பீரோ, 18 மில்லிமீட்டர் பிளைவுட் என எதுவும் உடம்பாகலாம். உள்ளே 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் இருந்தால் 18 இன்ச் பைக் ரிம் கூட உள்ளே திரும்பும்.

* *கை துளைகள்:* முன்பக்கம் இரண்டு. 160 எம்.எம். பி.வி.சி. பைப்பில் சிறு துண்டுகளை வெட்டிப் பொருத்தி, நீளமான ரப்பர் கையுறைகளை அதன் மேல் இழுத்து ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கலாம். துளைகளின் மையங்களுக்கு இடையே 35 முதல் 40 செ.மீ. இருந்தால் தோள் வலிக்காது.

* *ஜன்னல்:* மேல்பக்கம் சாய்வாக டஃபன்ட் கண்ணாடி.

* *கதவு:* பக்கவாட்டில் வைத்தால் பொருள்களை எடுத்து வைக்க வசதி.

* *தளம்:* உள்ளே கம்பி வலை. பாகங்கள் அதன் மேல் இருக்கும், தூள் கீழே விழும்.

* *துப்பாக்கி:* காற்று வேகமாகப் போகும்போது உருவாகும் உறிஞ்சு விசையால், கீழே கிடக்கும் தூளைக் குழாய் வழியே இழுத்துக்கொள்ளும் சைஃபன் வகை போதும். விலையும் குறைவு.

மேம்படுத்த வேண்டிய 6 விஷயங்கள்

கடையில் வாங்கிய மலிவு விலைப் பெட்டியாக இருந்தாலும் சரி, நீங்களே செய்ததாக இருந்தாலும் சரி, இந்த மாற்றங்கள் தேவைப்படும்.

*1. இடுக்குகளை அடையுங்கள்:* மலிவுப் பெட்டிகளின் பெரிய குறை, தகடு சேரும் இடங்களில் இருக்கும் இடைவெளி. எல்லா மூட்டுகளிலும் சிலிக்கான் சீலன்ட், கதவைச் சுற்றி ஃபோம் டேப்.

*2. தூசை வெளியே இழுங்கள்:* இந்த ஆறில் முதலிடம் இதற்குத்தான். பெட்டியின் ஒரு பக்கம் காற்று உள்ளே வரத் தடுப்புத் தகடு வைத்த துளை, எதிர்ப்பக்கம் வேக்குவம் கிளீனர். நேரடியாக இணைத்தால் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இடையில் ஒரு சைக்ளோன் வையுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் பொருத்தும் இந்தப் புனல், தூசைச் சுழற்றி வாளியிலேயே விழவைத்துவிடும். வேக்குவம் வெளியேற்றும் காற்றும் அறைக்குள் வரக் கூடாது. ஆனி, ஆடியில் இங்கே மேற்கிலிருந்து காற்று வீசும் என்பதால், வெளியேற்றும் குழாயை மேற்குப் பார்த்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

*3. அடிப்பாகத்தைச் செங்குத்தாக்குங்கள்:* அடிப்புனலின் சரிவு குறைவாக இருந்தால் தூள் மூலையிலேயே தங்கிவிடும். தகடு வைத்து 60 டிகிரி சரிவு கொடுத்தால் தானாக வழிந்து குழாய்க்கு வரும்.

*4. ஈரத்தை வடிகட்டுங்கள்:* அழுத்தப்பட்ட காற்று குளிரும்போது தண்ணீர் பிரியும். ஐப்பசி மழை நாள்களில் இது இன்னும் அதிகம். ஈரம் பட்ட தூள் கட்டியாகி நாசிலை அடைக்கும். ஈர வடிகட்டியைக் கம்ப்ரஸரை ஒட்டி வைக்காமல், சில மீட்டர் குழாய்க்குப் பிறகு வையுங்கள். டேங்க்கின் அடியில் இருக்கும் வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

*5. கண்ணாடியையும் வெளிச்சத்தையும் காப்பாற்றுங்கள்:* ஜன்னலின் உள்பக்கம் ஓ.எச்.பி. ஷீட் ஒட்டுங்கள். மங்கியதும் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டலாம். உள்ளே 12 வோல்ட் எல்.இ.டி., அதற்கு ஒரு மூடி.

*6. எர்த் கொடுங்கள்:* தூள் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் உருவாகும். கையில் சுருக்கென்று அடிக்கும். துப்பாக்கியையும் பாகம் வைக்கும் வலையையும் ஒயர் மூலம் எர்த் செய்துவிட்டால் தீர்ந்தது.

ஊதுபத்தி டெஸ்ட்!

பெட்டி தயாரா என்று பார்க்க இரண்டு எளிய வழிகள் உண்டு. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் விளக்கை மட்டும் போடுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் தூசும் கசியும். அடைத்த பிறகு, தூள் எதுவும் போடாமல் வேக்குவத்தை மட்டும் ஓடவிட்டு, கதவு ஓரங்களிலும் கையுறை ஓரங்களிலும் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை பெட்டியை நோக்கி இழுபட்டால் வெற்றி. நேராக மேலே போனாலோ, வெளியே தள்ளப்பட்டாலோ வேலை இன்னும் பாக்கி என்று அர்த்தம்.

இயக்கும்போது...

இரும்புக்கு 60 முதல் 90 பி.எஸ்.ஐ., கண்ணாடி மணிகள் போட்டு அலுமினியத்துக்கு 30 முதல் 50 பி.எஸ்.ஐ. போதும். மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் அடித்தால் வளைந்துவிடும் என்பதால், துப்பாக்கியை நகர்த்திக்கொண்டே இருங்கள். முடித்ததும் கதவைச் சட்டென்று திறக்காதீர்கள். வேக்குவத்தை ஓடவிட்டு, உள்ளே மூட்டம் முழுதாகத் தெளியும் வரை காத்திருங்கள். தூள் கொட்டும்போதும் சலிக்கும்போதும் வாளியைக் காலி செய்யும்போதும் முகத்தோடு ஒட்டிய என்95 மாஸ்க் கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

சில பொருள்களை இந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. பேரிங், கியர் போன்றவை முதலாவது. இன்ஜின் உள்பாகங்கள் இரண்டாவது, எவ்வளவு கழுவினாலும் தங்கும் ஒரு துகள் சிலிண்டரைக் கீறிவிடும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழங்காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அவையும் வேண்டாம்.

இன்னொன்று... சுத்தமான இரும்பு உடை இல்லாத குழந்தை மாதிரி. வெறும் கையால் தொட்டாலே விரல் ரேகை துருவாகப் பதியும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா?

ஒரே ஒரு பைக்குக்காக என்றால் தேவையில்லை. பாகங்களைக் கழற்றி, பவுடர் கோட்டிங் செய்யும் கடையில் கொடுத்துவிடுவதே லாபம். அடிக்கடி பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள், இதையே சிறு தொழிலாக்க நினைப்பவர்கள், விடுமுறை நாளில் கை அரிப்பெடுப்பவர்கள் தாராளமாக இறங்கலாம்.

பட்ஜெட் இடித்தால் டிரங்குப் பெட்டியைப் பழையதாக வாங்குங்கள், கண்ணாடியையும் பழையதாக வாங்குங்கள். வேக்குவம், சைக்ளோன், மாஸ்க், நல்ல தூள் ஆகிய நான்கிலும் மட்டும் கை சுருக்காதீர்கள். அப்பாவின் பைக்கைப் பளபளப்பாக்கினால் மட்டும் போதாது. அதில் ஏறி போடிமெட்டு வரை போய், அந்த மலைக்காற்றை இருமல் இல்லாமல் இழுத்துவிடவும் வேண்டுமே!