பட்டுவரும் தேசிமரம்: காப்பதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளிற் கிணற்றடியை அண்டி நிற்கும் தேசிமரம் பட்டுவரும்போது, அதனை உடனே தறித்தலும் தவறு. வீணே வைத்திருத்தலும் தவறு. விதைக்கன்று காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாயிருப்பின், அது சுண்ணக்கல் நிலத்திற் காணப்படும் இரும்புச்சத்துக் குறைவாகும். மரம் சாவதற்கு அறிகுறியன்று.

சோதிக்கும் முறை: கிளைகளை நுனியிலிருந்து அடிநோக்கிக் கீறிப் பார்க்க. பட்டையின் கீழ்ப் பச்சை தோன்றுமிடத்தில் உயிருண்டு. பின்னர் அடிமரத்துக்குச் சற்றுத் தள்ளி மண்ணைக் கிளறுக. சிறுவேர்கள் வெளிறி உறுதியாயிருப்பின் மரம் பிழைக்கக்கூடும். கபிலநிறமாகித் தோல் கழலுமாயின் வேரழுகல் உண்டு.

காத்தல்: பட்ட கிளைகளைப் பச்சைப் பகுதிவரை வெட்டி எரித்துவிடுக. வெட்டுவாயில் மயில்துத்தம் 100 கிராம், நீறிய சுண்ணாம்பு 100 கிராம், நீர் 1 லீற்றர் சேர்த்த போர்டோப் பசையைப் பூசுக. இதனை உலோகப் பாத்திரத்திற் கலத்தல் ஆகாது. அடிமரத்தை மூடிய மண்ணை நீக்கி, நீர் அதனைத் தொடாதவாறு பாத்தியைப் புறத்தே அமைத்திடுக.

மாற்றுதல்: அடிப்பட்டை சுற்றளவிற் பாதிக்கு மேல் அழுகியிருப்பின் மரத்தை வேருடன் அகற்றுக. அக்குழியில் மீண்டும் தேசியோ தோடையோ நடுதல் கூடாது. மாரிமழை தொடங்கும் ஐப்பசியில், நீர் தேங்காத வேறிடத்தில், நோயற்ற கன்றை நடுக.

இலைநுனி கருகி, கிணற்றுநீரும் கரிக்குமாயின் புதிய தேசிக்கன்றும் அவ்வாறே கெடும். அத்தகைய வளவுக்கு உவரை ஓரளவு தாங்கும் மாதுளை ஏற்றது.