பெயர்ப் பலகையைப் பார்த்தால் போதுமா?

கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறாள். 2009இல் செல் துண்டு கிழித்த வடு, இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தடித்துக் கிடக்கிறது. அப்போது அவளுக்கு வயது பதினொன்று.

"சால்வையால மறைச்சு மறைச்சுக் களைச்சுப் போனன் அக்கா" என்றாள்.

கல்யாணப் பேச்சு ஒன்று சரிவரும் போல இருக்கிறதாம். வெள்ளவத்தையில் அழகு நிலையமொன்றின் மாடியில் இருக்கும் டொக்டர், மூன்று தடவையில் வடு இருந்த இடமே தெரியாது என்று சொல்லியிருக்கிறார். முற்பணத்துக்குத் தாயின் சங்கிலியை அடகு வைக்கப் போகிறாள்.

நான் தடுக்கவில்லை. மனம்தான் அழகு என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். பஸ்ஸில் சனம் திரும்பிப் பார்ப்பது எங்கள் முகத்தை அல்லவே. அடகு வைக்க முன்னர் ஒரு நாள் பொறு என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் மருதானைக்குப் போனோம். நொரிஸ் கனல் வீதியில் இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. ஆங்கில வைத்தியம் செய்யும் டொக்டர்மாரின் பெயர்கள் அங்கே பதிவில் இருக்க வேண்டும். வர முடியாதவர்கள் சபையின் இணையத்தளத்திலும் தேடலாம். டொக்டர் கொடுத்த கார்ட்டில் பதிவு இலக்கம் இல்லாதது எனக்கு உறுத்தியது. ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது.

"பாருங்கோ அக்கா, உண்மையான டொக்டர்தானே!"

டொக்டர்தான். ஆனால் எம்.பி.பி.எஸ். மட்டும். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராவதற்கு அதன்பின் எம்.டி., உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் அங்கீகாரம் என்று பல வருடங்கள் போகும். கார்ட்டில் இருந்த 'அழகியல் டிப்ளோமா' அதற்கு ஈடாகாது. பெயர் பதிவில் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எந்தத் துறையில் நிபுணர் என்றும் கேட்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பது யார் என்றும் கேளுங்கள். கேட்டால் கோபிப்பவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

இடத்தையும் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்களும் பதியப்பட வேண்டும். படித்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போய், நிலை மோசமாகி, இரண்டு நாளில் இறந்தார். அந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையம் நடத்தவே அனுமதி இருந்ததாம்.

பிறகு அவளைத் தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். காலையில் போய்ப் பின்னேரம் வரை காத்திருந்தோம். பணம் கட்டவில்லை. அங்கிருந்த நிபுணர் முதலில் கேட்டது, "உள்ளுக்குத் துண்டு ஏதும் இருக்கா?" என்று. மாடி டொக்டர் அதைக் கேட்கவேயில்லை. எக்ஸ்ரேயில் தாடையோரம் சிறு துண்டொன்று தெரிந்தது. (உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் அதை அசைத்துவிடலாம்.) இப்படித் தடித்து வளரும் வடுவை வெறுமனே வெட்டினால் முன்னையதைவிடப் பெரிதாக வளரக்கூடும், முதலில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார்.

"முழுக்கப் போயிடுமா டொக்டர்?"

"இல்லை பிள்ளை. மெலியும்."

திரும்பும்போது பஸ்ஸில் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஊசிக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தாயும் கிளிநொச்சியிலிருந்து வருகிறா.