மூட்டு வலி: எந்த வாதம் என்று இரத்தம் சொல்லுமா?

மூட்டு வலித்தால் "வயசாகி விட்டது, தேய்மானம்தான்" என்று நாமே முடிவு செய்து விடுகிறோம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொள்கிறோம். ஆனால் மூட்டுவாதம் ஒரே நோய் அல்ல. நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வகைக்கு வகை மருந்தும் வேறு. இதைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனைகள் எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்போம்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: உடலில் அழற்சி இருக்கிறதா என்று மட்டும் இவை காட்டும்; எங்கே, எதனால் என்று சொல்லாது. சாதாரண மூட்டுத் தேய்மானத்தில் இவை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் தனி இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை.

ஆர்.ஏ. ஃபேக்டர்: முடக்குவாதத்துக்கான பழைய பரிசோதனை. 1940-ல் நார்வே மருத்துவர் எரிக் வாலர் இதைப் பற்றி எழுதினார். முடக்குவாதக்காரர் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இது 'பாசிட்டிவ்' ஆக வரும். ஆனால் நோயே இல்லாத முதியவர்களுக்கும், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும்கூட வரலாம்.

ஆன்ட்டி சி.சி.பி.: இது இன்னும் துல்லியமானது. மூட்டு வீக்கத்துடன் இதுவும் பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம்தான் என்பதற்கு வலுவான சான்று. வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தென்படலாம். ஆனால் இரண்டும் 'நெகட்டிவ்' ஆக இருந்தும் முடக்குவாதம் வருவதுண்டு.

யூரிக் அமிலம்: நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்க வைப்பது கவுட். யூரிக் அமிலம் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் மூட்டில் படிகங்களாகப் படியக்கூடும். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது இந்த அளவு இயல்பாகக் காட்டி ஏமாற்றலாம். வலி தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வலியே இல்லாமல் அளவு மட்டும் கூடியிருந்தால் அது கவுட் ஆகாது.

எச்.எல்.ஏ. பி27: காலையில் முதுகு இறுகி, நடமாடினால் இளகும் இளைஞர்களுக்கு இது உதவும். ஆனால் இந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

ஏ.என்.ஏ.: லூபஸ் நோயாளிகள் ஏறக்குறைய அனைவருக்கும் பாசிட்டிவ். ஆரோக்கியமானவர் சிலருக்கும் அப்படியே!

காய்ச்சலுக்குப் பின் வலி நீடித்தால் சிக்குன்குனியாவையும் மறக்கக் கூடாது.

ஆக, இரத்தம் சாட்சி சொல்லும், தீர்ப்பு சொல்லாது. எல்லாப் பரிசோதனைகளையும் மொத்தமாக எடுத்துப் பணத்தை இறைக்க வேண்டாம். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும், விரல் மூட்டுகளில் வீக்கமும் சில வாரங்கள் நீடித்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்ப்போம். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சையே மூட்டு கோணிப் போகாமல் காக்கும். காய்ச்சலுடன் ஒரே மூட்டு சூடாகி வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.