கைப்பிடியைத் திருப்பியும் ஜெட் ஸ்கீ ஏன் திரும்ப மறுக்கிறது?

தண்ணீரில் ஓடும் பைக் போன்ற ஜெட் ஸ்கீயில் பாய்ந்து போகிறீர்கள். திடீரென எதிரே ஒரு படகு. பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுக் கைப்பிடியை முழுக்க ஒடிக்கிறீர்கள். வண்டியோ நேராகப் படகை நோக்கியே போகிறது! ஏன்?

படகுகளுக்குச் சுக்கான் உண்டு. பெரும்பாலான ஜெட் ஸ்கீகளுக்கு அது கிடையாது. பிறகு எப்படித் திரும்புகிறது?

வண்டிக்குள் சுழலும் விசிறி, அடிப்பக்கத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குறுகிய வாய் வழியாகப் பீய்ச்சுகிறது. அந்த வேகத்தில் வண்டி முன்னே பாய்கிறது. கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் அந்த வாயும் வலப்பக்கம் திரும்பும். தண்ணீர் வலப்பக்கம் பாய, வால்பகுதி இடப்பக்கம் தள்ளப்படும். மூக்கு வலப்பக்கம் திரும்பும்.

தோட்டத்து ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீரை வேகமாகத் திறந்தால் குழாயின் முனை துள்ளிப் புரளும். மூடினால்? எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அசையாமல் கிடக்கும்.

இங்கேயும் அதே கதைதான். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பீய்ச்சல் அடங்கிவிடுகிறது. வாய் திரும்பும், ஆனால் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. ஏற்கெனவே பிடித்த வேகமோ வண்டியை நேராக இழுத்துப்போகும்.

2009-ல் சீ-டூ என்ற பிராண்டின் ஜெட் ஸ்கீயில் பிரேக் வசதி வந்தது. ஆனால் எல்லா வண்டியிலும் அது இருக்காது.

ஆகவே, தடை எதிர்ப்பட்டால் ஆக்ஸிலேட்டரை முழுக்க விடாமல் திருப்புங்கள். படகுகளிடமிருந்தும் குளிப்பவர்களிடமிருந்தும் தள்ளியே ஓட்டுங்கள். உயிர்காப்பு அங்கி அணியுங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் கிளம்பாதீர்கள். நீங்கள் விழுந்தால் வண்டியை நிறுத்துவது அதுதான்.